ஆர்த்திகாவின் வீட்டுப் படலை

பெரியகல்லாறு,
20.01.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் நெஞ்சுச் சளி இறங்கியதா என்று மறக்காமல் எழுதுங்கள். உள்ளே ஒருவனுக்கு அடித்ததால் போனில் கதைக்கிற உரிமையை உங்களுக்கு நிறுத்திவிட்டதாகச் சிறைக் கந்தோரில் சொன்னார்கள். அடிப்பதற்கு அங்கேயும் ஆள் கிடைத்துவிட்டதா? இனிமேல் நமக்குக் கடிதம்தான் வழி.

உங்கள் மகள் ஆர்த்திகாவுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. பள்ளிக்கூடத்து விசேட கல்வி அலகில் இந்த வருடம் வரைதான் அவளுக்கு இடம். அதற்குப் பிறகு இவள் என்ன செய்வாள் என்ற யோசனை எனக்கு வருமுன் நிஸ்றா டீச்சருக்கு வந்துவிட்டது. காத்தான்குடியில் இருந்து வருகிற டீச்சர்தான், உங்களுக்குத் தெரியும். பஸ்ஸில் தனியாக ஏறி இறங்கவும், கடையில் சாமான் வாங்கவும், சின்ன வசனங்கள் வாசிக்கவும் எழுதவும் பழக்குகிறார். பிடிக்காத காரியத்துக்குக் கையை நீட்டி, வேண்டாம் என்பதை "ஒண்ணா" என்று உரக்கச் சொல்லவும் சொல்லிக் கொடுத்திருக்கிறார். இப்போது வீட்டில் கீரை வைத்தாலும் "ஒண்ணா"தான். கிழமையில் இரண்டு நாள் நண்டு வாங்கி விற்கிற சின்னத்தங்கம் அக்காவின் வாடியில் வேலை பழக விடச் சொல்லியும் கேட்கிறார்.

இன்னொரு விசயம். எங்கள் வீட்டை மகள் தனுஷியாவுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டு, ஆர்த்திகாவைப் பார்க்கிற சாட்டில் நானும் உங்கள் மச்சானும் இவள் வீட்டில் இருக்கிறோம். அண்ணி சாகுமுன் மகள் பெயருக்கு எழுதிவைத்த வீடு. பெண்பிள்ளைக்குத்தான் வீடு என்பது நம் வழக்கம், அதில் பேச்சில்லை. ஆனால் "இவளுக்கு வீட்டை ஆளத் தெரியுமா, நம்மட பேருக்கு எழுதித் தந்தா சாகுமட்டும் பாப்பம்" என்கிறார் உங்கள் மச்சான். உங்கள் விருப்பம் என்னவென்று எழுதுங்கள்.

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும் தங்கை,
வதனி


18.02.2024

தங்கச்சி வதனிக்கு அண்ணன் திவாகரன் எழுதுவது.

சளி இறங்கிவிட்டது, கோபம் இறங்கவில்லை. நீங்கள் சுகமாக இருப்பது சந்தோசம்.

யாரைக் கேட்டு என் பிள்ளையைப் பஸ்ஸில் ஏற்றினாய்? நான் எதற்காக இங்கே கிடக்கிறேன் என்பது மறந்துபோச்சா? திருவிழாவில் அத்தனை சனத்துக்குள் ஒருவன் அவள் கையைப் பிடித்து இழுத்து "இஞ்ச வா விசரி" என்றான். ஆற்றங்கரைக்கு ஓடித் தோணியில் கிடந்த துடுப்பை எடுத்துவந்து அவன் மூஞ்சியில் போட்டேன். துடுப்பு முறிந்தது. முறிந்த துண்டாலும் போட்டேன். அவனுக்கு ஒரு கண் போனது. கவலைப்படுகிறாயா என்று நீதிமன்றத்தில் கேட்டபோதும் இல்லையென்றுதான் சொன்னேன். இப்போதும் இல்லை.

வெளியில் இருக்கிறவன் எல்லாம் அவனைப் போலத்தான். அவள் வாடிக்கும் போக வேண்டாம், பஸ்ஸிலும் ஏற வேண்டாம். பள்ளிக்கூடம் முடிந்தால் வீட்டோடு கிடக்கட்டும். நான் வந்து பார்க்கிறேன்.

வீட்டு விசயத்தில் சதீசன் மச்சான் சொல்வதுதான் சரி. நாளைக்கு எவனாவது கல்யாணம் கட்டுகிறேன் என்று வந்து எழுதி வாங்கிக்கொண்டு பிள்ளையைத் தெருவில் விடுவான். அதற்கு முன் உங்கள் பெயரில் இருந்தால் எனக்கும் நிம்மதி. அவள் அடம் பிடிப்பாள். சொல் கேட்காவிட்டால் இரண்டு போடச் சொல். நானும் அப்படித்தான் வளர்த்தேன். அடித்தால்தான் அவளுக்கு விளங்கும். இதை மச்சானுக்கும் வாசித்துக் காட்டு.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அண்ணன்


பெரியகல்லாறு,
23.03.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

சாப்பாடு ஒழுங்காகக் கிடைக்கிறதா? சண்டைக்குப் போகாமல் இருக்கிறீர்களா? நாங்கள் இருக்கிறோம்.

உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். உங்கள் மச்சான் திருப்பி வாங்கித் தானும் ஒருமுறை வாசித்தார். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். இப்போது எந்தச் சட்டை போட்டாலும் அது அந்தப் பைக்குள் இருக்கிறது.

நீங்கள் ஏசினாலும் ஏசுங்கள், ஆர்த்திகாவை நான் மறிக்கவில்லை. டீச்சர் வீடு தேடி வந்து, "பதினெட்டு வயசுக்குப் பொறகு இவள ஆரு வதனியக்கா கூட்டித் திரியிற? நாமெல்லாம் மௌத்தாகாம இரிக்கப் போறமா?" என்று கேட்டார். போன கிழமை அவளைத் தனியாகப் பஸ்ஸில் அனுப்பி, அவளுக்குத் தெரியாமல் கடைசிச் சீட்டில் தானும் ஒளிந்திருந்து போனாராம். சரியான இடத்தில் மணியடித்து இறங்கிவிட்டாளாம். வாடியில் நண்டுக் கால் கட்டப் பழகுகிறாள். ஒரு நண்டு விரலைக் கவ்விச் சதையோடு எடுத்துவிட்டது. இரத்தம் வழிய வழிய அதன் காலைக் கட்டி முடித்துவிட்டுத்தான் கையைக் கழுவினாளாம்.

வீட்டை எங்கள் பெயருக்கு மாற்றி உறுதி எழுதுகிற பேச்சு நடக்கிறது. அவள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. உதட்டில் சின்னக் காயம் ஒன்று, கதவு இடித்தது. பயப்பட ஒன்றும் இல்லை.

தங்கை வதனி


21.04.2024

தங்கச்சிக்கு,

வருடப் பிறப்பு எப்படிப் போனது? எனக்கு நன்றாகத்தான் போனது. தண்ணீர் வரிசையில் ஒருவன் என்னைத் தள்ளிவிட்டு வாளியை வைத்தான். அவன் தலையைப் பிடித்துத் தொட்டிச் சுவரில் மோதினேன். முன்பல் கழன்று தொட்டிக்குள்ளேயே விழுந்தது. அந்தத் தண்ணீரை யாரும் குடிக்கவில்லை என்று என்னைத்தான் திட்டுகிறார்கள். ஐப்பசியில் வரவேண்டிய என் விடுதலையை மார்கழிக்குத் தள்ளிவிட்டார்கள். போகட்டும். இங்கே பயப்படுத்தி வைக்காவிட்டால் ஏறி மிதிப்பார்கள்.

மச்சான் கண்டிப்பாக இருப்பது நல்லது. உனக்கு இளகின மனம், உன் சொல்லை அவள் கேட்க மாட்டாள்.

ஆனால் எந்தக் கதவு? அந்த வீட்டுக் கதவு எல்லாம் நான் போட்டவை. ஒன்றும் தன்பாட்டில் வந்து முகத்தில் அடிக்காது. எழுது.

அண்ணன்


பெரியகல்லாறு,
29.06.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

எழுதப் பிந்தியதற்குக் கோபிக்க வேண்டாம். எழுத்து வேறாக இருக்கிறதே என்று யோசிக்கவும் வேண்டாம். நான் சொல்லச் சொல்ல மகள் தனுஷியா எழுதுகிறாள். கிணற்றடியில் வழுக்கி விழுந்து வலக்கை முறிந்துவிட்டது. மாவுப் பத்துப் போட்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் நன்றாகப் பார்த்தார்கள்.

நீங்கள் கேட்ட கதவு சமையலறைக் கதவு. காற்றுக்கு அடித்தது.

ஆர்த்திகா வாடிக்குப் போய் வருகிறாள். சின்னத்தங்கம் அக்கா முதல் தடவை கையில் சம்பளம் கொடுத்திருக்கிறார். எனக்கு ஒரு சீப்பும் தனக்கு ஒரு சீப்பும் வாங்கி வந்தாள். உங்களுக்கு என்ன வாங்குவது என்று கேட்டேன், தன் சீப்பை எடுத்துக்கொண்டு தலை வாரப் போய்விட்டாள். உங்கள் மச்சான் சுகம். உங்கள் உடம்பைக் கவனியுங்கள்.

தங்கை வதனி

மாமா, அம்மாவுக்குத் தெரியாமல் இந்த வரியை எழுதுகிறேன். அன்றைக்குக் கிணற்றடி காய்ந்துதான் கிடந்தது. காற்றும் வீசவில்லை. — தனுஷியா


14.07.2024

வதனிக்கு,

சுகம் விசாரிக்க எனக்கு இப்போது பொறுமை இல்லை.

அவன் உன் கையை முறித்தானா? என் தங்கச்சியின் கையை? நான் வெளியே வந்து முதலில் அவன் கையைத்தான் எடுப்பேன். மீன் வெட்டுகிற கத்தியால், மூட்டோடு

[இங்கே நான்கு வரிகள் கறுப்பு மையால் அழிக்கப்பட்டிருந்தன.]

மை பூசுகிறவன் பூசட்டும். கடிதத்தை வாசிக்கிற கந்தோர் ஐயாவுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். உன் மகளின் வரியை வாசித்த அன்றைக்குப் பக்கத்தில் படுத்திருந்தவன் சும்மா சிரித்தான். எதற்குச் சிரித்தானோ தெரியாது, அவன் விலாவில் மிதித்தேன். என்னைத் தனி அறையில் போட்டிருக்கிறார்கள். சுவரில் குத்திக் குத்தி என் கையும் வீங்கிப்போய் இருக்கிறது.

ஒன்றை மட்டும் எழுது. என் பிள்ளையில் அவன் கை வைத்தானா? ஓம் அல்லது இல்லை.

திவாகரன்


காத்தான்குடி,
25.08.2024

திரு. திவாகரன் அவர்களுக்கு,

இறைவன் உங்களுக்குப் பொறுமையைத் தரட்டும். ஆர்த்திகா உயிரோடும் பத்திரமாகவும் என் வீட்டில் என் உம்மாவோடு இருக்கிறாள். இந்த வரியைத் திருப்பியும் ஒருமுறை வாசித்துவிட்டு மிச்சத்தை வாசியுங்கள்.

நீங்கள் தங்கைக்கு எழுதிய கேள்விக்கு நான் பதில் எழுதுகிறேன், அவரால் பேனை பிடிக்க இயலாது. பதில், ஓம்.

சென்ற செவ்வாய் மத்தியானம் சதீசன், நொத்தாரிசு எழுதிய வீட்டு உறுதியைக் கொண்டுவந்து மேசையில் விரித்திருக்கிறார். சட்டைப் பையில் இருந்து உங்கள் கடிதத்தை எடுத்து, "கொப்பன் சொல்லியிரிக்கான், ஒப்பம் வை" என்றாராம். ஆர்த்திகா நான் பழக்கியபடி கையை நீட்டி "ஒண்ணா" என்றாள். அந்த நீட்டிய கையைத்தான் பிடித்தார். இரண்டு விரல்களைப் பின்பக்கமாக வளைத்து முறித்தார். மறித்த வதனி அக்காவின் ஆறாத கையில் விறகுக் கட்டையால் அடித்தார். மறுகா ஆர்த்திகாவின் தலைமயிரைப் பிடித்துச் சுவரோடு மோதியிருக்கிறார். ஒருமுறை அல்ல. வதனி அக்கா அவர் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "ஓடு மனே, ஓடு" என்று கத்தியிருக்கிறார்.

அவள் ஓடிப்போய்ப் பஸ் ஏறினாள். நெற்றியில் இரத்தம் வடிகிற பிள்ளையைக் கண்டு சனம் பதறி, ஆஸ்பத்திரியில் இறங்கு என்றார்களாம். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு "காத்தான்குடி" என்ற ஒரே சொல்லைச் சொல்லியபடி நின்றிருக்கிறாள். பெருநாளுக்கு அலகுப் பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்திருந்தேன். அன்று நடந்த வழியை வைத்துக்கொண்டு என் வாசலுக்கு வந்துவிட்டாள். "மிஸ், நான் தனிய வந்தன்" என்று சிரித்தாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

பொலிசில் முறையிட்டோம், சதீசன் இப்போது விளக்கமறியல் சிறையில் இருக்கிறார். அவர் பையில் இருந்த உங்கள் கடிதத்தைப் பொலிசார் எடுத்தார்கள். "சொல் கேட்காவிட்டால் இரண்டு போடச் சொல்" என்ற வரியை நானும் வாசித்தேன். கோபத்தை வகுப்பறைக்கு வெளியே வைத்துவிட்டு வரப் பழகியவள் நான். அன்றைக்கு என்னால் முடியவில்லை.

பொலிசில் ஆர்த்திகா இன்னும் சில சொன்னாள். அதை உங்கள் தங்கை எழுதுவார். அது என் வாயால் வருவது சரியல்ல.

நலம் வேண்டும்,
நிஸ்றா


08.09.2024

தங்கச்சிக்கு,

உன் கை எப்படி? பிள்ளையின் விரல் எப்படி? இரண்டையும் முதலில் எழுது.

அவனை எந்தச் சிறையில் வைத்திருக்கிறார்கள்? இங்கே மாற்ற வழியிருக்கிறதா என்று விசாரி. எனக்கு ஒரு பகல் போதும். வழியில்லாவிட்டால் அவன் பிணையில் வரட்டும், நான் மார்கழியில் வருகிறேன். தோணியில் ஏற்றி நடு ஆற்றுக்குக் கொண்டுபோய்க் கழுத்தில் ஏறி நின்று அமுக்குவேன். இதற்கும் மை பூசட்டும்.

நான் எழுதினதை வைத்தே அடித்தானாம். இரண்டு தட்டுத் தட்டு என்றால் விரலை முறிப்பதா? தகப்பன் அடிப்பதும் கண்டவன் அடிப்பதும் ஒன்றா?

நான் வீட்டுக்கு வந்துவிட்டால் ஒருவனும் அவளைத் தொட மாட்டான். டீச்சர் வீட்டில் இருந்து பிள்ளையைக் கூட்டிவந்து வைத்துக்கொள். பொலிசில் இன்னும் என்ன சொன்னாள்? வேறு எவன் பெயரைச் சொன்னாள்? ஒளிக்காமல் எழுது. அவனையும் சேர்த்துப் பார்க்கிறேன்.

அண்ணன்


பெரியகல்லாறு,
05.10.2024

அண்ணாவுக்கு,

என் கை ஆறி வருகிறது, இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன். அவளுடைய ஒரு விரல் நேராகிவிட்டது, மற்றது மடங்காது என்கிறார்கள். நீங்கள் சுகமாக இருக்க வேண்டும் என்று மனதார நினைத்துக்கொண்டுதான் மிச்சத்தை எழுதுகிறேன்.

கதவு என்றும் கிணறு என்றும் இத்தனை மாதம் உங்களுக்குப் பொய் எழுதினேன். உண்மையைச் சொன்னால் வந்து அவரைக் கொன்றுவிட்டுத் திரும்பவும் உள்ளே போவீர்கள் என்ற பயம். அவருக்கும் பயந்தேன், உங்களுக்கும் பயந்தேன். என் பயத்துக்கு நடுவில் பிள்ளை அடிவாங்கினாள். இனி என்னால் ஒன்றையும் மூடி வைக்க இயலாது.

பொலிசில் பெண்கள் பிரிவில் வேலை செய்கிற ஒரு பிள்ளை, தனுஷியா வயதுதான் இருக்கும், ஆர்த்திகாவுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு, "மகள், ஆரு அடிச்ச?" என்று கேட்டாள்.

"மாமா."

"வேற ஆரும் அடிச்சிரிக்காங்களா?"

வேறு யாரும் இல்லை என்று சொல்ல நான் வாயெடுத்தேன். நிஸ்றா டீச்சர் என் தோளில் கையை வைத்தார்.

"அப்பா" என்றாள்.

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அண்ணா. அந்தப் பிள்ளை கேட்கக் கேட்க இவள் ஒவ்வொன்றாகக் காட்டினாள். காதுக்குப் பின்னால் இருக்கிற தழும்பு, நீங்கள் அகப்பைக் காம்பால் அடித்தது. கணுக்காலில் இருக்கிற கறுப்பு வளையம், அண்ணி செத்த பிறகு நீங்கள் ஆற்றுக்குப் போகும்போதெல்லாம் அவளை வலைக் கயிற்றால் கட்டில் காலோடு கட்டிவிட்டுப் போனது. ஒருநாள் அந்தக் கட்டோடு கட்டிலையும் இழுத்துக்கொண்டு வாசல்வரை வந்ததற்கு, திரும்பி வந்து கயிற்றாலேயே அடித்தீர்களாம். அது எனக்கே தெரியாது.

பிறகு திருவிழா நாளைச் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன். "அவன் கையப் புடிச்சான். அப்பா அவனுக்கு அடிச்சார். மறுகா வீட்ட கூட்டி வந்து எனக்கும் அடிச்சார். ஏன் அவனுக்குக் கையக் குடுத்த எண்டு அடிச்சார். பொலிஸ் வந்திச்சி. அடி நிண்டிச்சி."

அவளுக்காகத்தானே ஒருவன் கண்ணை எடுத்தீர்கள் என்று ஊரே சொல்லிக்கொண்டு இருக்கிறது. நானும் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். அவளுக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் அன்றைக்கு வாங்கிய அடியும் அதை நிறுத்த வந்த பொலிசும்தான். தகப்பன் அடிப்பதும் கண்டவன் அடிப்பதும் ஒன்றா என்று என்னைக் கேட்டிருந்தீர்கள். அவளைக் கேளுங்கள்.

இனி எங்கே இருக்கப் போகிறாய் என்று கேட்டார்கள். விடுதி இருக்கிறது, டீச்சர் வீடும் இருக்கிறது என்றார்கள். "எண்ட வீட்ட" என்றாள்.

"ஆரோட?"

"மாமி. மாமா ஒண்ணா."

"அப்பா வெளிய வந்தா?"

விரலில் போட்டிருந்த கட்டைத் தடவிக்கொண்டு இருந்தாள். கேட்டவளும் அவசரப்படுத்தவில்லை. கடைசியில், "அப்பா என்னக் கேக்கட்டும்" என்றாள்.

அதனால், அண்ணா, வீட்டுக்கு வருகிறேன் என்று எனக்கு எழுத வேண்டாம். உறுதிப்படி வீடு அவளுடையது, நம் வழக்கப்படியும் அவளுடையது. நானே அவள் சொல்லித்தான் அங்கே படுக்கிறேன். அவளைக் கேட்டு எழுதுங்கள். டீச்சரின் உதவியோடு அவளே வாசிப்பாள்.

கோபித்தாலும் உங்கள் தங்கைதான்,
வதனி


10.11.2024

மகள் ஆர்த்திகாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ சுகமா? விரல் நோகிறதா?

உனக்கு விளங்க வேண்டும் என்று சின்னச் சின்னதாக எழுதுகிறேன்.

நீ பொலிசில் சொன்னது எல்லாம் உண்மை.

மாமியின் கடிதம் வந்த அன்று எனக்குக் கோபம் வந்தது. யாரைப் பிடித்து அடிக்கலாம் என்று சுற்றிப் பார்த்தேன். அடிக்க வேண்டிய ஆள் நான்தான் என்று தெரிந்தது. அதற்குப் பிறகு நான் யாருக்கும் அடிக்கவில்லை. இனியும் அடிக்க மாட்டேன் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். நம்ப வேண்டாம்.

மார்கழியில் என்னை விடுகிறார்கள். நான் உன் வீட்டுக்கு வரலாமா? ஓம் என்றால் வருவேன். ஒண்ணா என்றால் கல்குடாவில் எனக்குத் தெரிந்த ஒருவரிடம் தோணி வேலைக்குப் போய்விடுவேன். உன்னோடு கோபிக்க மாட்டேன்.

யோசித்து எழுது. அவசரமில்லை.

அப்பா


பெரியகல்லாறு,
01.12.2024

அப்பாவுக்கு,

நான் சுகம். மாமி சுகம். நீங்க சுகமா?

விரல் நோகாது. ஒரு விரல் மடங்காது. நான் நண்டு கட்டுறன். தனிய பஸ்ஸில போறன்.

மாமா இல்ல. வீடு நல்லம்.

நீங்க கேட்டீங்க. நான் கனக்க யோசிச்சன்.

இப்ப ஒண்ணா.

கல்குடாக்குப் போங்க. மறுகா ஒருநாள் பகல்ல வாங்க. படலைக்கு அங்கால ரோட்டில நிண்டு கூப்பிடுங்க. உள்ள வராதீங்க. நான் வந்து உங்கட முகத்தப் பாப்பன். கோபம் எண்டா படலை தொறக்க மாட்டன். கோபம் இல்ல எண்டா தேத்தண்ணி கொண்டு வந்து தருவன். குடிச்சிட்டுப் போங்க.

மிஸ் சொல்லித் தரல்ல. நானா எழுதின.

ஆர்த்திகா